மைக்கை அமுக்கியது யார்?

— இன்னொரு தடவை சொல் ஜெனிஃபர். பதிப்பகத்தார் என் படைப்பைப் பற்றி என்னதான் கருதுகிறார்கள்?

— அரே அப்பா, எத்தனை தடவை? எனக்கு டோம்பிவிலி ட்ரெயின் பிடிக்கணும். மெயில் இங்கிலீஷ்ல சாஃபா, தெளிவா இருக்கு. உங்க இளவரசன் வேண்டாம். மூஞ்சூறு மட்டும் வேணும்.

— எந்த மூஞ்சூறு? நான் எழுதியது இளவரசன் வீரசேனன், பனிமலை, மாயக்கண்ணாடி!

— வீரசேனன் ஓவரா பிரசங்கம் பண்றானாம். முதல் சாப்டர்லயே அரண்மனைச் சமையல்காரனுக்கு விஷம் வெச்சிட்டீங்களாம். புக்கு சின்னப் பசங்களுக்கு, அப்பா.

— வாசகனைக் கட்டிப்போட வேண்டாமா? நூற்றிருபது மர்ம நாவல் எழுதிய கை இது. மாதம் ஒன்று. நம் ஜாபெஸ் அஞ்சு வயசில் போனானே, அந்த மாதம்கூட கடைசி அத்தியாயம் பிந்தவில்லை. 'மர்மப் புயல்' பட்டம் சும்மாவா கொடுத்தார்கள்?

— அண்ணன் செத்ததைப் போய் பெருமையா சொல்லாதீங்க. அம்மா அங்கதான் நிக்கிறாங்க.

— சொல்லட்டும்ட்டி. வீட்டுலயும் புஸ்தகம் மாரியே பேசுவாவ, எனக்குப் பழகிப்போச்சு. டீ ஆறுது, குடிங்க.

— சேசம்மா, மாட்டுங்கா ஸ்டேஷன் கடையில் என் நாவலுக்கு மக்கள் வரிசையில் நின்றதை இவளுக்குச் சொல்.

— ஆமா, நின்னாவ. கடைக்கு அடுத்தாப்புலதான டிக்கெட் கவுண்டர்.

— அந்தக் கடையில இப்ப மொபைல் கவர் விக்கிறாங்க அப்பா.

— அதனால்தானே குழந்தைகளிடம் இறங்கி வந்தேன். இது என் கடைசிப் புத்தகம் ஜெனிஃபர். இதுவும் வராவிட்டால், தாவீது என்று ஒருவன் எழுதினான் என்பதற்கே அடையாளம் கிடையாது. பழைய நாவல்களெல்லாம் வடா பாவ் மடிக்கப் போய்விட்டன.

— மாலும் ஹை அப்பா, தெரியும்.

— கண் மங்கியதால்தானே நீ கொடுத்த போனில் வாயால் சொல்லி அடிக்க வைத்தேன்? அனுப்பும் முன் படித்துப் பார்த்திருக்க வேண்டாமா?

— எனக்கு எங்க தமிழ் படிக்க வரும்? கான்வென்ட்ல போட்டது நீங்க.

— சரி, அந்த மூஞ்சூறு என்னதான் செய்கிறது?

— இங்க நம்ம லேபர் கேம்ப் ரூம்ல, தண்ணி டிரம்முக்குப் பின்னாடி இருக்கு. பாந்த்ரா போய் கடல் பாக்கணுமாம். லோக்கல் ட்ரெயின்ல மிதிச்சிருவாங்கன்னு மீன்காரம்மா கூடைக்குள்ள ஏறிக்குது. வாசனை தாங்கல. மூக்கைப் பொத்தலாம்னா, மூக்கு நீளம், கை பத்தலையாம்.

— இது இலக்கியமா?

— எடிட்டரோட பொண்ணு சிரிச்சு உருண்டாளாம்.

— சதி! செம்பூர்க் கவிஞன் சுந்தரராமன் வேலை. என் மேல் பொறாமையில் வெந்து கிடப்பவன்.

— அவரு செம்பூர்ல, போன் இங்க. மைக்கை அமுக்கினாத்தான் அது அடிக்கும். நீங்க நாக்கா முக்கு வரைக்கும் நடக்கப் போறப்ப யாரோ அமுக்கி, மூஞ்சூறு கதையைச் சொல்லியிருக்காங்க.

— அப்படியானால் பக்கத்து ரூம் யாசர்!

— நூத்திருபது மர்ம நாவல், அப்பா!

— ஏன் சிரிக்கிறாய்?

— ஒண்ணுமில்ல. எடிட்டர் ரெண்டு விஷயம் கேக்கறாங்க. எல்லாக் கதையிலயும் 'கண்ணை மூடு, தூங்கு'ன்னு வரும். இதுல 'கண்ணை மூடாத மக்கா, தூங்காத மக்கா'ன்னே வருதே, ஏன்? அப்புறம், மூஞ்சூறு பாந்த்ராவுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாடி, மாகிம்லயே நின்னுபோச்சு. முடிவு அனுப்பினா புக் போடறாங்களாம். உங்க பேர்லயே.

— என் பேரிலா? முடிவா? முடிவு என்றாலே தாவீதுதானே! போனை எடு, இப்போதே சொல்கிறேன். மாகிமில் ரயில் நிற்கிறது. கறுப்பு அங்கி அணிந்த மனிதன் ஒருவன்...

— ஏட்டி ஜெனி, அதை ஆஃப் பண்ணு.

— நடுவில் நீ யார் சேசம்மா? இது என் கதை!

— மைக்கை அமுக்குனவ. முடிவெல்லாம் எழுதாதிய. அதுக்கு மேல எனக்கே தெரியாது.

— தெரியாதா? நீ சொன்ன கதைதானே?

— ஆஸ்பத்திரிக் கட்டில்ல சொன்ன கதை அது. மூஞ்சூறு மாகிம் வந்தப்பதான் ஜாபெஸ் கண்ணை மூடுனான்.