அறுந்த நூல் கூப்பிடாது

ஆம், தோற்றேன். இருபத்து மூன்றாவது நகர்த்தலில் தோற்றேன். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான், ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு ஆடியவரிடம் தோற்றேன். பின்வரிசையில் கிசுகிசுத்தவர்கள் இனிச் சத்தமாகவே பேசிக்கொள்ளலாம்.

இப்போது வணக்கங்கள்.

தலைமை வகிக்கும் நம் சதுரங்கச் சங்கத் தலைவர், பல்லடத்துப் பருத்திச் சந்தையிலே வாய்ச்சொல்லே பத்திரம் என்று பெயர் வாங்கிய பெருந்தகை அப்புசாமிக் கவுண்டர் அவர்களே! வாசகசாலைக்கு வாசல் தந்த வள்ளல்களே! வக்கீல்களே, வாத்தியார்களே, வில்வண்டி கட்டி வந்திருக்கும் வேளாண் பெருமக்களே! பக்கத்துக் கூடத்தில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! சதுரங்கம் சோம்பேறிகளின் தொழில் என்று சொல்லிக்கொண்டே முதல் வரிசையைப் பிடித்துவிட்ட பெரியோர்களே! அனைவருக்கும் வணக்கம். இன்னும் ஒருவரை நான் விளிக்கவில்லை. மறதியால் அல்ல. கடைசியில் சொல்கிறேன்.

ஆட்டத்தில் முன்னேறுவது எப்படி, அற்பப் பிழைகளைத் தவிர்ப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் கை தூக்கும் வேலை இருக்கிறது. தை மாதத்தில் உடுமலைப்பேட்டைச் சங்கத்தோடு பந்தயம். நம் பக்கம் ஆறு பேர். ஐவரின் பெயர் முடிவாகிவிட்டது. ஆறாவது இடத்தில் எழுதியிருப்பது சாமியாத்தாள், அதாவது என் பெயர். அது அங்கே இருக்கலாமா என்பதையும் சேர்த்தே பேசப் போகிறேன்.

என்னிடம் ஒரு குறிப்பேடு உண்டு. தோற்ற ஆட்டங்களை மட்டும் எழுதி வைக்கும் குறிப்பேடு. வென்ற ஆட்டங்களுக்கு என் அப்பா இருக்கிறார், ஊரெல்லாம் சொல்ல. இந்த வருஷம் பத்தொன்பது தோல்விகள். எதிரியின் ஆழ்ந்த சூழ்ச்சிக்கு ஆட்பட்டு எத்தனை முறை தோற்றிருப்பேன்? பத்து? எட்டு? இரண்டே இரண்டு, ஐயா! மற்றப் பதினேழிலும் நடந்தது ஒன்றுதான். கண்ணெதிரே ஒரு காய் வெட்டுக்கு நின்றது. நான் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை? கண் மங்கலா? அறிவு மட்டமா? பட்டணத்துப் படிப்புப் போதவில்லையா?

இல்லை. மரியாதை. நம் ஊர் மரியாதைதான் காரணம்.

சிரிக்காதீர்கள். நம் வீடுகளில் எப்படி ஆடுகிறோம்? எதிரியின் மந்திரிக்கு, இங்கிலீஷ் ஆட்டத்தில் ராணி என்கிறார்களே அந்தக் காய்க்கு, குறி வைத்தால் சும்மா இருப்போமா? "ஏனுங்க, மந்திரியப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தானே கையை எடுப்போம்? யானைக்குக் குறி வைத்தால், "யானை நிக்குதுங்க." குதிரைக்கு வைத்தால், "குதிரைங்க." சொல்லாமல் வெட்டினால் அது திருட்டு. என் சித்தப்பா அப்படி ஒரு முறை வெட்டிவிட்டு, மூன்று நாள் வீட்டில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசாமல் தவித்தார். எதிரியை எச்சரித்துவிட்டு அடிக்கிற ஊர் இது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை என் கண்ணைச் சோம்பேறியாக்கிவிட்டது. ஆபத்து வந்தால் யாராவது சொல்வார்கள் என்று உட்கார்ந்திருக்கப் பழகிவிட்டேன். இங்கிலீஷ் ஆட்டத்தில் அரசனுக்குத் தவிர வேறு எதற்கும் சொல்ல வேண்டியதில்லை. உடுமலையில் ஆடப்போவது அந்த ஆட்டம்தான்.

இனி ஜன்னல்.

நாம் ஆடும் மேசை வெளிச்சத்துக்காகத் தெருப்பக்க ஜன்னலை ஒட்டிப் போடப்பட்டிருக்கிறது. ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தலைவரும் நானும் ஆடிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு சிப்பாயைத் தொட்டு நகர்த்தப் போனார். ஜன்னலில் "ப்ச்" என்று ஒரு சத்தம்.

"ஆரது?" என்றார் தலைவர்.

"நானுங்க சாமி. மாசாணிங்க."

"என்ன ப்ச்சு?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்குப் பல்லியாட்டம் எதுக்குச் சத்தம்? சொல்லு."

"யானை போச்சுங்க சாமி."

தலைவர் பலகையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். உண்மையில் யானை போயிற்று. எடுக்கப்போகும் எனக்கே அது தெரியவில்லை! அவையோரே, வெட்டப்படுபவருக்கும் தெரியவில்லை, வெட்டப்போகிறவளுக்கும் தெரியவில்லை, வேலிக்கு வெளியே நின்றவருக்குத் தெரிந்தது.

தலைவர் இப்போது சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாசாணியம்மாள் யார்? பைகாரா நீர்மின்சாரத்தில் ஓடும் ஆலை ஒன்றில் ரீலிங் வேலை. நூலைச் சிட்டமாகச் சுற்றும் வேலை. எட்டு மாதம், ஞாயிறு தவறாமல், அந்த ஜன்னலில் நின்று பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர். ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஒருவரும் உள்ளே வா என்று சொல்லவுமில்லை. அடுத்த ஞாயிறு நான் ஜன்னல் கண்ணாடியைத் திறந்து, பலகையை எடுத்துத் திட்டில் வைத்தேன். வெள்ளை உள்பக்கம். கறுப்பு வெளிப்பக்கம்.

"ஆடலாங்களா?" என்றேன்.

"அய்யோ, நானுங்களா அம்மணி? வேடிக்கை பாக்கத்தானுங்க வந்தேன்."

"வேடிக்கை பார்த்தவங்கதான் யானையைப் பிடிச்சீங்க."

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் கண்டதை எப்படிச் சொல்வேன்? கோயிலில் தீபாராதனை நேரத்தில் கூட்டம் அடங்குமே, அப்படி ஓர் அடக்கம் அந்த முகத்தில். நான் ஒரு காயை வைப்பேன். அவர் கை அசையாது. கண் மட்டும் கிளம்பும். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. ஒரு வரிசை. அடுத்த வரிசை. அவசரம் இல்லை. ஆயாசம் இல்லை. அறுபத்து நான்கு கட்டங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிற்கும். அதன் பிறகுதான் கை. ஒவ்வொரு முறையும். பதில் வெளிப்படையாகத் தெரிந்த இடத்திலும் அதே சுற்று. ஒருவர் சிந்திப்பதை என் வாழ்நாளில் முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன்.

பதினாறாவது நகர்த்தல். அவர் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளினார். சின்னச் சிப்பாய். என் குதிரைக்கு எட்டும் கட்டத்தில் வந்து, என்னை வெட்டு என்று நின்றது. நான் ஒரு கணம் காத்திருந்தேன். எதற்குக் காத்திருந்தேன் தெரியுமா? அவர் ஏதாவது சொல்வாரா என்று! சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் ஆபத்தில்லை. வெட்டினேன்.

சிப்பாய் விலகிய வழியில், மூலைவாட்டில் ஓடும் ஒட்டகம் புறப்பட்டு வந்தது. என் மந்திரி போயிற்று.

"சொல்லவே இல்லீங்களே!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். பி.ஏ. படித்தவள். கத்திவிட்டேன்.

மாசாணியம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. "சொல்லோணுங்களா அம்மணி? உள்ளார நீங்க சொல்லிக்கறது எல்லாம் எனக்குக் கேக்காதுங்களே. கண்ணாடிச் சன்னலுங்க. கைய மட்டுந்தானுங்க பாத்தேன்."

அவையோரே! நம் எச்சரிக்கைகள் எதுவும் அவர் காதில் விழவில்லை. எட்டு மாதமும் மூடிய கண்ணாடி. தலைவரோடு நான் ஆடிய அன்றுதான் புழுக்கம் தாங்காமல் அதைத் திறந்து வைத்திருந்தோம். நாம் சொல்லச் சொல்லக் கேட்டுப் பழகியவர்கள். அவர் சொல்லாமலே பார்த்துப் பழகியவர்.

"எப்படிங்க எல்லாத்தையும் பாக்கறீங்க?" என்று கேட்டேன்.

"ரீலிங்ல நாப்பது நூல்கண்டு ஒண்ணா ஓடுமுங்க. எதுல நூலு அறுந்தாலும் சிட்டம் குறைஞ்சு போயிரும். அறுந்த நூலு கூப்பிடாதுங்களே அம்மணி. அதனால ஒரு சுத்துப் பாப்பனுங்க. நாப்பதையும். அப்பறந்தான் கை."

ஒரு சுற்று. பிறகு கை.

நான் பட்டணத்தில் நூல்நிலையம் நூல்நிலையமாகத் தேடியதை நாலு சொல்லில் சொல்லிவிட்டார். ஆட்டத்தில் முன்னேற வழி கேட்டீர்களே, இதுதான் வழி. எதிரி வைத்த காய் ஏன் வந்தது? எதைத் திறந்தது? எதைக் குறி வைத்தது? நான் வைக்கப்போகும் காய் எதைக் கைவிடுகிறது? ஒரு சுற்று. பிறகு கை. கொதிக்கிற காபியைக் குடிப்பவர் மாதிரி அவசரப்பட்டு வாய் சுட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு சுற்று. பிறகு கை. அன்று தொடங்கி இன்றுவரை இருபது ஆட்டம் ஆடியிருக்கிறேன். குறிப்பேட்டில் புதிதாக ஏறியவை மூன்று. அந்த மூன்றும் மாசாணியம்மாளிடம் தோற்றவை.

என்ன கேட்டீர்கள்? ஆம், ஐயா, எனக்குக் காது கேட்டது. "அந்தம்மாளைக் கூட்டிப் போனா எங்க உக்கார வெப்பீங்க?" என்கிறீர்கள். ஆறாவது பலகைக்கு முன்னால்தான். அங்கே ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள்.

சங்கத்து உறுப்பினர் அல்லவே என்பது அடுத்த கேள்வி. உறுப்பினராக இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று போட்டுவிட்டேன். நானும் பெண்தான். இந்த வாசலில் என்னை எவரும் நிறுத்தவில்லை. அப்படியானால் அவரை நிறுத்தியது எது? அதன் பெயரை நான் இந்த மேடையில் சொல்லப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எட்டு மாதம் அந்த மேசையில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் ஒருவர் நிற்கிறார் என்பதை நான் பார்க்கவில்லை. பதினேழு பிழைகள் என்றேன். குறிப்பேட்டில் எழுதாத பதினெட்டாவது அது.

தலைவர் அவர்களே! என் பெயரை அடித்துவிடுங்கள். ஆறாவது இடத்தில் மாசாணியம்மாள் என்று எழுதுங்கள். இரண்டாவது கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். உடுமலைக்காரர்கள் நம்மை எச்சரிக்கமாட்டார்கள். வரப்போகும் காலமும் எச்சரிக்காது. அதனால் நம் ஊர் வழக்கப்படி, நம் ஊர் மரியாதைப்படி, நானே ஒரு முறை சொல்லிவிடுகிறேன்:

ஏனுங்க, பாத்துக்கங்க. யானை போகுதுங்க.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. பாயில் இருந்தபடியே என்னைவிட நன்றாகத் தலையாட்டிய தாய்மார்களுக்கு நன்றி. நான் விளிக்காமல் வைத்திருந்த ஒருவர் மிச்சம். இன்றும் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்கிறார். மரியாதைக்குரிய திருமதி மாசாணியம்மாள் அவர்களே! உங்களுக்கு என் வணக்கம்.

பேசி முடித்ததும் சாமியாத்தாள் மேடையை விட்டு இறங்கினாள். ஜன்னல் திட்டில் இருந்த பலகையை எடுத்து மேசைமேல் வைத்தாள். எதிரே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். உறுப்பினர் தாளையும் பேனாவையும் தலைவர் முன்னால் வைத்துவிட்டு, வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.