ஒரே எண்ணில் இரண்டு கார்டுகள்

லேப்டாப்பிலும் டெஸ்க்டாப்பிலும் கிராபிக்ஸ் கார்டின் எண் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, ஐயா. லேப்டாப்புக்குள் இடம் குறைவு, சூடு போக வழியில்லை. அதனால் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். நீங்கள் தகடு அடிக்கிற நாலாம் நம்பர் பிரஸ்ஸில் நடந்த விபத்தை விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

இசக்கிதுரையும் நானும் நாங்குநேரிப் பக்கம். ஒரகடத்தில் மூன்று வருடமாக ஒரே அறை, ஒரே கம்பெனியில் தகடு அடிக்கும் வேலை. நாலாம் நம்பரில் அவன்தான். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற சென்சாரை, உற்பத்தி குறைகிறது என்று கழற்றி ஆறு மாதம் ஆகியிருந்தது. துரைக்கு அந்த மெஷின் என்றால் பயம். எப்படியாவது அதைவிட்டுப் போய்விட வேண்டும் என்று ஞாயிறுதோறும் தண்டலத்துக்குப் போய்க் கம்ப்யூட்டரில் டிசைன் போடக் கற்றுக்கொண்டான்.

2005 ஆவணியில் எங்கள் கம்பெனியிலேயே டிசைன் பிரிவில் ஓர் இடம் காலியானது. பிரஸ்ஸில் மாட்டுகிற டூல் ஒன்றைச் சொந்தமாக வரைந்து, தானே கொண்டுவருகிற கம்ப்யூட்டரில் மேனேஜர் முன்னால் சுழற்றிக் காட்ட வேண்டும். துரை இருநூற்றுச் சொச்சம் பாகங்களை வரைந்து சேர்த்துவிட்டான். படித்த இடத்து டெஸ்க்டாப்பில் அது வழுக்கிக்கொண்டு சுழன்றது. காட்டுவதற்கு மட்டும் ஒரு கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுக்க வேண்டும். நான் ஹார்டுவேர் டிப்ளமோ, என்னிடம் கேட்டான்.

"எலே ஐயனாரு, லேப்டாப் எடுக்கவா, பெட்டி எடுக்கவா? நீ சொல்லுததுதான்."

ஒரு தாளில் நடுக்கோடு கிழித்து இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதினேன். கார்டின் எண் ஒன்றே. கார்டின் மெமரி இரண்டிலும் 128 எம்.பி. லேப்டாப் எடை மூன்று கிலோ. கரண்ட் போனாலும் நிற்காது. ஒன்றும் பொய்யில்லை. லேப்டாப் கார்டுக்குச் சொந்த மெமரி 32தான், மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் பொது மெமரியான ராமிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்பதை எழுதவில்லை. வேகம் பாதிதான் என்பதையும் எழுதவில்லை. தாளில் இடம் இருந்தது.

"நம்பர் ஒண்ணாத்தான இருக்கு" என்று நிம்மதியாகச் சிரித்தான். கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவன் கேட்கவில்லை.

காட்ட வேண்டிய நாளில் லேப்டாப் பையைச் சுமந்துகொண்டு நானும் போனேன். மேனேஜர் அப்பாவு டூலைத் திருப்பச் சொன்னார். படம் பாதியில் நின்றது.

"இன்னாப்பா, அப்டியே நிக்கிது? நாளைக்கு கஸ்டமர் முன்னாலயும் இப்டித்தான் குந்திக்கினு இருப்பியா?"

துரை மவுஸைத் தட்டிக்கொண்டே இருந்தான். அவன் காது சிவந்துவிட்டது. வேறு ஆளை எடுத்தார்கள்.

வெளியே வந்து, "நான் வரைஞ்சதுலதான் தப்பு போலல" என்றான். தோளில் கை போட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். நானும் ஒன்று குடித்தேன். இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எனக்கு அந்த வேலை வேண்டாம். துரை மேல் எனக்குப் பிரியம்தான். அவன் என்னிடம் கேட்பதற்கு முந்தின நாள் சூப்பர்வைசர் ரகுபதி கேன்டீனில் என்னைக் கூப்பிட்டார். "தொர டிசைனுக்குப் போய்ட்டான்னா நாலாம் நம்பர்ல நீதான் நிக்கணும். ரெடியா இரு" என்றார். அவ்வளவுதான். அந்த மெஷினில் யாராவது ஒருவருடைய கை போகும் என்று எனக்குத் தெரியும். என்னுடையதாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். சென்சாரை மாட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். எழுதினால் வேலை போய்விடும், ஐயா.

லேப்டாப்பில் காட்டிய பதினேழாம் நாள் துரைக்குப் போயிற்று. வலது கை, நான்கு விரல்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் துரை, "நல்லவேளைல, நீ அந்த மெஷின்ல இல்ல" என்றான். தலையைக் குனிந்து நின்றேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அப்படி நிற்கும்போதே, பேன்ட் பைக்குள் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன.