கொம்பாயி ஊத்து

எந்தக் காலம்னு என்னைக் கேக்காதீங்க. இந்த மலைக்கு ரோடு வராத காலம்னு வச்சுக்குங்க. ஈச்சங்குழியில, நம்ம பளியங்குடியில, கொம்பாயின்னு ஒரு கொமரி இருந்தாளாம். பதினெட்டு வயசு இருக்கும்ங்கிறாங்க.

அப்ப வெளியாளுக வந்து, ஊத்துக்கு மேல சரிவு பூரா தைல மரம் நட்டுட்டுப் போனாங்களாம். மரம் வளர வளர ஊத்து வத்துச்சு. வத்தி வத்தி ஒருநா நின்னே போச்சு. பெறகு தண்ணிக்குப் பள்ளத்து ஆத்துக்குத்தான் எறங்கணும். கொம்பாயியும் தங்கச்சி மருதியும் அப்படி எறங்குனாளுக. பாறை வழுக்குச்சு. மருதி போயிட்டா.

கொம்பாயி அழுகல. கஞ்சியில உப்பு இருக்கா இல்லையான்னு தெரியலையாம் அவளுக்கு. அடுப்புல கொதிக்கிற சட்டியை வெறுங்கையால எறக்கி வச்சாளாம். "அடியே, சுடலையா?"ன்னு ஆத்தா கத்துச்சாம். "தெரியல ஆத்தா"ன்னாளாம். அவ்வளவுதான் பேச்சு.

இதுக்கு நடுவுல கீழ இருந்து ஒரு அதிகாரி வந்தான். "தண்ணி இல்லாத எடத்துல உங்களை விட்டுவைக்க முடியாது. ரெண்டு மழைக்காலம் பாப்பேன். ஊத்து ஊறலைன்னா எல்லாரும் கீழ எறங்கிரணும்"னுட்டான். பெருசுக தலையை ஆட்டிட்டு மூட்டை கட்ட ஆரம்பிச்சிருச்சுக. இப்ப நெனச்சாலும் எனக்குக் கோவம் வருது.

கொம்பாயி மட்டும், "மருதியை இங்கதான பொதைச்சிருக்கு. அவளை யாரு தூக்கிட்டு வருவா?"ன்னு கேட்டாளாம். சத்தம் போடல. சும்மா கேட்டா. கேட்டுட்டு, கெழங்கு தோண்டுற கம்பியை எடுத்துக்கிட்டு மேல ஏறிட்டா. கொமரிக, எளவட்டமெல்லாம் பின்னாடியே போச்சு. தைல மரத்தையெல்லாம் வேரோட தோண்டுனாங்க, தோண்டுனாங்க, மாசக்கணக்குல தோண்டுனாங்க.

இங்கதான் கூத்து. நம்ம ஆளுக கெழங்கு எடுத்தா என்ன செய்வோம்? மறுவருசம் தழையணும்னு கொடித்தலையைத் திரும்பக் குழியில வச்சு மண்ணை மூடுவோம்ல? அந்தக் கைப்பழக்கம்! மரத்தைப் பேத்து, தண்டை வெட்டி எறிஞ்சுட்டு, வேர்க்கட்டையைக் குழியிலயே வச்சு மூடிட்டு வந்திருக்குதுக. மொத மழை பேஞ்சுச்சு. அம்புட்டும் துளுத்துருச்சு. ஒண்ணுக்கு நாலா நிக்குது. ஊத்துல பொட்டுத் தண்ணி இல்ல.

எளவட்டமெல்லாம் உக்காந்து அழுதுச்சு. "போதும் கொம்பாயி, கீழயே போயிருவோம்"னான் ஒருத்தன். கொம்பாயி ஒரு தளிரைக் கிள்ளிப் பாத்தாளாம். "நம்மதான மூடுனோம்"னா. "திரும்பத் தோண்டுவோம். இந்தத் தடவை வேரு வானத்தைப் பாக்கட்டும்."

வேரை மல்லாத்திப் போட்டுட்டு வரக் கை கூசுச்சாம் எல்லாருக்கும். யாராவது பழக்கத்துல மண்ணைத் தள்ளப் போனா, கொம்பாயி வந்து கையைப் புடிச்சுக்குவா. அவ கையில கொப்பளம் ஒடைஞ்சு ரத்தம் வந்துச்சாம். மத்தவங்க சொல்லித்தான் அவளுக்கே தெரியும்.

ரெண்டாவது மழையும் பேஞ்சு ஓஞ்சுச்சு. தளிர் இல்ல. அதிகாரி வரப்போறான்னு எல்லாரும் பயந்துகிட்டுக் கெடக்கையில, ஒருநா காலையில ஊத்துக்கண்ணுல ஈரம். பெறகு கசிவு. பெறகு ஒரு கை தண்ணி. அடேயப்பா! குடியே ஓடியாந்து ஆடுது, குலவை போடுது. கொம்பாயி குத்தவச்சுக் கையை உள்ள விட்டா. விட்டுட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தா. பெறகு திரும்பி, "சில்லுன்னு இருக்கா ஆத்தா?"ன்னு கேட்டா.

ஆடுனவங்கல்லாம் சுத்தி வந்து நின்னாங்களாம். ஆத்தா பக்கத்துல உக்காந்து, தன் கையையும் விட்டு, "இருக்குடி. நல்லா சில்லுன்னு இருக்குடி"ன்னுச்சாம்.

அதிகாரி வந்தான், ஊத்தைப் பாத்தான், வந்த வழியே எறங்கிப் போயிட்டான். கொம்பாயிக்குப் பெறகாவது சூடு, குளுரு தெரிஞ்சுச்சான்னு கேக்குறீங்களா? எனக்குச் சொன்னவங்க அதைச் சொல்லல. நானும் இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டேன்.

அதுலருந்துதான் அது கொம்பாயி ஊத்து. இன்னைக்கும் அங்க யாரும் ஒத்தையில தண்ணி மோக்கப் போறதில்ல. மொதல்ல கையை விட்டவங்க, "சில்லுன்னு இருக்கா?"ன்னு கேக்கணும். கூட வந்தவங்க தன் கையையும் விட்டுப் பாத்து, "இருக்கு"ன்னு சொல்லணும். சொன்ன பெறகுதான் மோக்கணும்.