பதினான்கு மைல்

திரு. விட்கோம்ப் அவர்களுக்கு,

ரக்னா வீட்டுக் காப்பி உங்களுக்கு நினைவிருக்கும். தூளோடு ஒரு முட்டையை உடைத்துக் கலந்து கொதிக்க வைப்பாள். சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்ச வேண்டும். நீங்கள் கட்டியைக் கோப்பையில் போட்டுக் கலக்கினீர்கள். அவள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள். அந்தக் காப்பியை முப்பத்தொரு வருடம் வியாழக்கிழமை தவறாமல் குடித்தவன் நான். வரிசையாகச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் கடிதம் அப்படித்தான் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள்.

ரக்னா போன மார்ச்சில் இறந்துவிட்டாள். வயது எண்பத்து நான்கு.

அவளுடைய அப்பா கேப்டன் டோர்விக்கின் பாய்மரக் கப்பல் ‘அல்மீரா’, 1911 அக்டோபரில் கட்டடக் கல் ஏற்றிக்கொண்டு போய் மிச்சிகன் ஏரியில் காணாமல் போனதை அறிவீர்கள். கல் பாரம் இழுத்த வேகத்தில் ஒரு பலகைகூடக் கரையொதுங்கவில்லை. கூடப் போன மூன்று பேரும் வெளியூர்க்காரர்கள். அவர்களைத் தேடி யாரும் வரவில்லை. ஊர் ஒரு கதை கட்டியது. கேப்டன் கப்பலுக்கு வேறு வண்ணம் அடித்துக் கனடாப் பக்கம் விற்றுவிட்டார், அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று.

பள்ளிக்கூட வாசலில் பையன்கள் அவளை மறிப்பார்கள். "ஏய் ரக்னா, உங்கப்பா இப்ப என்ன கலர் அடிச்சிருக்காரு?"

"பச்சை. பெயிண்ட் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னவளே நான்தான்" என்பாள். எப்போதும் அதே பதில்.

நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது ஆறு வயது.

எங்கள் பக்கத்து மீனவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வலை அடியில் எதிலாவது சிக்கினால், அந்த இடத்தைத் தன் நோட்டில் குறித்துக்கொள்வான். கூடப் பிறந்தவனுக்கும் சொல்ல மாட்டான். சிக்குகிற இடத்தில்தான் மீன் கூடும். 1958 ஜூனில் என் வலை ஓரிடத்தில் சிக்கியது. கிழியக் கிழிய இழுத்தபோது முழ நீளப் பலகை ஒன்று கூடவே வந்தது. குளிர்ந்த நீர் அதை அப்படியே வைத்திருந்தது. பச்சை வண்ணம். ‘அல்மீரா’ என்ற பெயரின் பின்பாதி அதில் வெட்டியிருந்தது.

அன்று வியாழக்கிழமை. செர்ரி டப்பா அடைக்கும் ஆலையில் முப்பது வருடம் உழைத்து ரக்னாவின் விரல்கள் கோணிப்போயிருந்தன. பேனா பிடிக்க வராது. அதற்கு முந்தின குளிர்காலம் முதல், கப்பலைப் பற்றி விசாரிக்கும் கடிதங்களை அவள் சொல்ல நான் எழுதிக்கொண்டிருந்தேன். பலகையைச் சாக்கில் சுற்றி வண்டியில் வைத்துவிட்டு, முதலில் காப்பி குடிப்போம், பிறகு கொடுப்போம் என்று உள்ளே போனேன்.

அவள் போன வாரக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் எழுத்து கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு, க்ளெம். செத்தது எங்கப்பா. கொஞ்சம் சோகமா எழுதேன்." பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கப்பல் மட்டும் கெடைக்கட்டும். மறுநாளே வீட்டப் பூட்டிட்டு டகோமாவுல அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். இந்த ஊரு மூஞ்சியில முழிக்கவே மாட்டேன்."

"நானும் இந்த ஊருதானே?"

"உன்னையும் கட்டி இழுத்துட்டா போவாங்க? வேணும்னா உன் பேனாவ மட்டும் குடுத்தனுப்பு."

நான் சிரித்தேன். சாக்கு வண்டியிலேயே இருந்தது. அன்று மாலை அதை வலைக் கொட்டகையில் வைத்தேன்.

1963-ல் அவளுடைய அக்கா இறந்துபோனாள். ரக்னாவுக்கு இனிப் போக இடமில்லை, அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஐந்து வருடம் ஏன் மறைத்தாய் என்று கேட்பாளே என்று வெட்கமாக இருந்தது. அடுத்த வருடம் அது ஆறு வருட வெட்கமானது. கடிதங்களை மட்டும் ஒழுங்காக எழுதினேன். அவளுக்கு ஒரு நம்பிக்கை வேண்டுமல்லவா?

1978-ல் நீங்கள் எழுதினீர்கள், மூழ்கிய கப்பல்களைத் தேடுகிறவர் என்றும், இடம் தெரிந்தால் ‘அல்மீரா’வைத் தேட வருவதாகவும். கடைசியாக ‘அல்மீரா’வைப் பார்த்த நீராவிக் கப்பல்காரர் ஒருவரின் குறிப்பு நோட்டை ரக்னா எப்படியோ தேடிப் பிடித்திருந்தாள். கலங்கரை விளக்கத்திலிருந்து திசையும், பதினான்கு மைல் என்று தூரமும் அதில் இருந்தன. என் நோட்டில் இருந்ததும் அதே இடம்தான். "எழுத்து மாறாம அப்படியே எழுது" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்படியே எழுதினேன். எங்கள் ஏரியில் மைல் என்றால் தரை மைல். நீங்கள் கடற்படையில் இருந்தவர். உங்களுக்கு மைல் என்றால் கடல் மைல், அது நீளம் கூடியது. இரண்டு மைலுக்கு மேல் தள்ளிப் போவீர்கள் என்று பேனாவை மூடும்போதே எனக்குத் தெரியும்.

நீங்கள் கவனமானவர். எந்த மைல் என்று கேட்டு ஒரு அட்டை போட்டீர்கள். ரக்னாவின் தபாலை எடுத்து வருபவன் நான். "இங்கே எல்லோருக்கும் ஒரே மைல்தான்" என்று பதில் எழுதினேன். அதில் பொய் இல்லை.

பதினோரு நாள் தேடினீர்கள். கிளம்புமுன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தில் கப்பல் இல்லை என்று அவளிடம் சொன்னீர்கள். நீங்கள் போனபின் என் பக்கம் திரும்பினாள்.

"பச்சைதானே க்ளெம்? டப்பாவப் பிடிச்சது நான்தானே? இல்ல, ஊரு வாய்க்குப் பதில் சொல்லிச் சொல்லி நானே அப்படி நெனச்சுக்கிட்டேனா?"

"சின்ன வயசு, ரக்னா" என்றேன். "ஞாபகம் மாறிப்போகும்."

அதன்பின் அவள் அப்பாவைப் பற்றிப் பேசவில்லை. வியாழக்கிழமைகளில் சீட்டாடினோம். அவை அமைதியான வருடங்கள் என்றுதான் இன்றும் சொல்வேன்.

கப்பல் கிடப்பது கலங்கரை விளக்கத்திலிருந்து பதினான்கு தரை மைலில். உங்கள் கணக்கில் பன்னிரண்டும் சொச்சமும். திசை அந்த நோட்டில் உள்ளதுதான். ஆழம் நூற்றெண்பது அடி. பலகையைத் தனிப் பார்சலில் அனுப்புகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. தன் அம்மாவின் கல்லறைக் கல்லில் அப்பாவின் பெயரையும் வெட்டி, ‘ஏரி கொண்டது’ என்று கீழே பொறித்து வைத்திருந்தாள் ரக்னா. ஆலையில் சேர்ந்த முதல் வருடம் செய்தது. நீங்கள் வந்துபோன மறு வசந்தத்தில், அந்தப் பெயரைச் செதுக்கி எடுத்துவிடும்படி கல்தச்சருக்கு எழுதச் சொன்னாள். சுருக்கமான கடிதம், நான்கே வரி. ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, இந்தத் தடவை சோகம் சரியாக வந்திருக்கிறது என்றாள்.

இப்படிக்கு,
க்ளெமென்ட் ஷோசார்