சுமார் பத்து சதவீதம்

எனக்குப் புழுக்கம் ஆகாது. உங்கள் அறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றுவதால் நிதானமாகவே சொல்கிறேன், ஐயா.

காப்புரிமை வழக்கறிஞனுக்கு வேலை, வேலி பார்ப்பது. கண்டுபிடித்தவன் தன் உரிமைக்கு எல்லையாக எழுதிவைத்த வார்த்தைகள்தாம் வேலி. அதற்கு வெளியே நின்றுவிட்டால் எங்கள் கட்சிக்காரர் தப்பித்தார்.

இந்த வழக்கில் வேலி போட்டவன் என் தங்கையின் கணவன். சுவருக்குள் வைக்கும் வெப்பத்தடுப்புப் பலகையில் தீப்பிடிக்காமலிருக்க ஓர் உப்பைச் சேர்த்தான். ‘எடையில் சுமார் பத்து சதவீதம்’ என்று எழுதிக் காப்புரிமை வாங்கி, பலகை செய்யக் கம்பெனியும் தொடங்கினான். அதிலிருந்து வீட்டு விசேஷங்களில் அவனுக்குத்தான் முதல் நாற்காலி. என்னைப் ‘பேப்பர் புலி’ என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், என் தங்கையும்தான். அவனைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

என் கட்சிக்காரருக்கு அதே பலகையைச் செய்ய ஆசை. பாம்பும் சாக வேண்டும், தடியும் முறியக் கூடாது. ஒன்பது சதவீதம் உப்புப் போட்டால் அதுவும் சுமார் பத்துதான் என்று நீதிபதி சொல்லிவிடலாம். எட்டு என்றாலும் இழுபறி.

“ஆறுக்கு இறக்குங்க, எவனும் கேக்க முடியாது” என்றேன். இறக்கினார்கள். அவன் வழக்குப் போட்டான்.

விசாரணைக்கு நடுவே நீதிமன்றத் தாழ்வாரத்தில் என் கையைப் பிடித்தான். “மச்சான், கேஸ வாபஸ் வாங்கிக்கறேன். என் பத்தையே போட்டுக்கச் சொல்லுங்க. ஆறுல அது பத்திக்கும்.”

“தோக்கப் போறவன் பேசற பேச்சு, மாப்பிள்ளை.”

அவன் சொன்னதைக் கட்சிக்காரரிடம் நான் சொல்லவில்லை. அதையே சொல்லி எனக்கு வந்த ஆய்வுக்கூட அறிக்கையையும் கோப்பின் அடியில் செருகினேன். வழக்குக்குத் தேவையில்லாத தாள். ஆறு, சுமார் பத்து ஆகாது என்று தீர்ப்பு வந்தது. அவன் முகம் செத்துப்போனதை ஆசை தீரப் பார்த்தேன்.

கட்சிக்காரரின் பலகை வைத்த ஒரு பெண்கள் விடுதியின் மூன்றாம் மாடியில் பதினொரு பேர் கருகியதைச் செய்தியில் பார்த்தேன். வருத்தம்தான். ஆனால் உப்பைக் குறைத்தது தொழிற்சாலை. நான் ஒரு வார்த்தைக்குப் பொருள் சொன்னவன்.

தீப்பிடிக்கும் என்று முன்பே தெரியுமா என்கிறீர்கள். நிச்சயமாகத் தெரியாது, எழுதிக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு வந்த மாதம் என் பிள்ளைகளுக்கு மாடியில் அறை கட்டினேன். கட்சிக்காரர் தன் பலகையைச் சும்மாவே தருகிறேன் என்றார்; வேண்டாம் என்றுவிட்டேன். வேறொருவர் பெயரில் மாப்பிள்ளை கம்பெனிப் பலகையை வாங்கிப் போட்டேன். எல்லாம் புழுக்கத்துக்காகத்தான், ஐயா.