தொண்ணூத்திரெண்டு கிலோவுக்கு ஒரு ஸ்பிரிங்

— காத்து வேண்டாம்னா வேண்டாம், கிளாட்வின் அண்ணாச்சி. புது சைக்கிளுக்கு முன் சக்கரத்து சஸ்பென்ஷன் ஃபோர்க்கு ஸ்டால்பெர்க் கம்பெனி ஸ்பிரிங்குதான். டெக்னிக்கலா அதுதான் சரி.

— மாட்டிருவோம் கபீர் பாய். ஆனா வென்டாரா கம்பெனி காத்து ஃபோர்க்கும் இங்கன தொங்குது. ஒரு தடவை அமுக்கித்தான் பாருங்களேன். நான் ஒன்னும் சொல்லல, பாத்துக்கிடுங்க.

— அண்ணாச்சி சொல்லுதத கேளுங்க மச்சான். காத்தே இருக்கட்டும்.

— ஏளா ஜெய்னம்பு, மவுண்டன் பைக்கப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?

— மலையே இல்லாத ஊருல மவுண்டன் பைக்கு வாங்குத ஆளுக்கு எவ்வளவு தெரியுமோ, அவ்வளவு தெரியும்.

— நல்லாச் சொன்னிய தங்கச்சி. இந்தத் தூத்துக்குடியில கண்ணுக்கெட்டுன மலைன்னா அது உப்பு அம்பாரம்தான்.

— சிரிங்க, நல்லா சிரிங்க. துபாய்ல வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஹத்தா மலைக்குப் போறது எங்க குரூப்பு. டெக்னிக்கலா நான் அதுல சீனியர்.

— சீனியர்னா என்னம்மா செய்யணும்?

— வண்டி ஓட்டணும் அண்ணாச்சி. காரு. மத்தவங்க சைக்கிள எல்லாம் மேல ஏத்திக்கிட்டு இவரு பின்னாலயே போவாரு. போட்டோ எனக்கும் வந்துச்சு.

— அது ஒரு நாளு, கால் பிசகுனதால! அண்ணாச்சி, நான் மூணு மாசமா இந்த ரெண்டு கம்பெனியப் பத்தியும் வீடியோ பாக்கேன். ஒரு வீடியோ விடல. புரியுதா?

— மூணு மாசமா ஃபோர்க்கு பாக்காரு. என்னைக் கட்டிக்கிடச் சரின்னு சொல்ல அரை மணி நேரம்தான் எடுத்தாரு.

— அப்ப கம்பேர் பண்ணிப் பாக்க வசதி இல்ல.

— ஏசுவே! வீட்டுச் சண்டைய வீட்டுல வச்சுக்கிடுங்க பாய். காத்து மேல உங்களுக்கு அப்படி என்ன கோவம்?

— கோவமா? துரோகம் அண்ணாச்சி. போன லீவுல உங்க கையாலதான் இந்தப் பழைய சைக்கிளப் புதுசா வாங்கினேன். என் எடை தொண்ணூத்திரெண்டு கிலோ, அதுக்குத் தக்க ஃபோர்க்குல காத்தடிச்சுக் கொடுத்திய. லீவு முடிஞ்சதும் வீட்டுல நிறுத்திட்டு துபாய் போயிட்டேன். பதினோரு மாசம் கழிச்சு வந்து ஏறி உக்காந்தா, பொசுக்குன்னு உள்ள போயிட்டு. தெருவே பாத்துச்சு.

— சின்னப் புள்ளைகல்லாம் கை தட்டுச்சு அண்ணாச்சி.

— நீ வாய மூடு. காத்து எறங்கிப்போகும், ஸ்பிரிங்கு எறங்காது. அவ்வளவுதான் விசயம்.

— அது எறங்கலியே பாய். நேத்து நீங்க எக்ஸ்சேஞ்சுக்கு விட்டுட்டுப் போன பொறவு கழட்டிப் பாத்தேன். சீலு அப்படியே புதுசா இருக்கு, ஒரு பொட்டு ஒழுகல. யாரோ காத்த வெளிய விட்டு, அளந்து திருப்பி அடிச்சிருக்காவ. நாப்பத்தெட்டு கிலோ ஆளுக்கு அடிக்கிற அளவு.

— நாப்பத்தெட்டா?

— அச்சடிச்ச மாதிரி நாப்பத்தெட்டு.

— உப்புக் காத்து அண்ணாச்சி. உள்ள பூந்து வேலையக் காட்டிருக்கும்.

— உப்புக் காத்து துருப்பிடிக்க வைக்கும் பாய். ஆள எடை போட்டுல்லாம் பாக்காது.

— நம்ம ஊரு காத்த நீங்க லேசா நெனைக்கிய.

— சரி, மீட்டரு மூவாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் காட்டுது. போன லீவு எத்தனை நாளு?

— நாப்பது.

— அதுல சைக்கிள்ல ஏறுனது மூணு நாளு அண்ணாச்சி. மூணாவது நாளு தள்ளிக்கிட்டு வந்தாரு.

— மீட்டரு கோளாறு.

— டயரும் வழுவழுன்னு தேஞ்சிருக்கே?

— நான் மிதிச்சா அப்படித்தான் தேயும். பவரு.

— மூணு நாளு பவரா? இருக்கட்டும். ஃபோர்க்கு இடுக்குல செக்கச்செவேல்னு தேரி மண்ணு அப்பியிருக்கு. உங்க ஊரு வழக்கப்படி நீங்க இருக்கது மாமியா வீட்டுல. காயல்பட்டணத்துல மாமியா வீட்டுக்குள்ள ஏது செம்மணல் தேரிக்காடு?

— குதிரைமொழித் தேரி என்ன ரொம்ப தூரமா? பறந்து வந்திருக்கும்.

— சீட்டு ஒரு சாண் எறங்கியிருக்கு.

— தூசி தட்டும்போது இவ எறக்கிருப்பா. ஏளா, நீதான எறக்குன?

— நான்தான் எறக்குனேன்.

— பாத்தியளா?

— செயினுல கருப்புத் துணி நூலு சுத்தியிருக்கு.

— தொடைக்கிற துணி! அண்ணாச்சி, நீங்க வச்சிருக்கது சைக்கிள் கடையா, போலீஸ் ஸ்டேஷனா?

— நான் ஒன்னும் சொல்லல, பாத்துக்கிடுங்க.

— அண்ணாச்சி, நான் ஒன்னு கேக்கேன். ஸ்பிரிங்கு மாட்டிட்டா பொறவு மாத்த முடியுமா?

— முடியாது தங்கச்சி. பாயோட எடையச் சொல்லி கம்பெனியில இருந்து வரவழைக்கணும். தொண்ணூத்திரெண்டுன்னா தொண்ணூத்திரெண்டுதான். எடை கம்மியான ஆளு ஏறுனா அது அசையவே அசையாது. கல்லு மேல உக்காந்து போற மாதிரி இருக்கும், கையும் முதுகும் போயிரும். காத்துன்னா இந்தச் சின்னப் பம்பு போதும். ஆளுக்குத் தக்க ஏத்தலாம், எறக்கலாம்.

— அப்ப காத்துதான்.

— ஏளா, ஓட்டப்போறது நீயா நானா?

— வருசத்துல பதினோரு மாசம் அது கூட இருக்கப்போறது நான்.

— தூசி தட்டுறதுக்கு ஸ்பிரிங்கு என்ன, காத்து என்ன? அண்ணாச்சி, எங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு ரெண்டு சக்கரம்னாலே நடுக்கம். என் தங்கச்சி மின்ஹா காலேஜ் போற புள்ள, ரோட்டக் கடக்க நாலு பேரு தொணை வேணும். பக்கத்து வீட்டுல என்னப் பெத்த உம்மா அதுக்கு மேல. முட்டு வலி, தெருமுனையத் தாண்ட மாட்டா.

— இப்பம் அவங்களுக்குத் தேவலையா பாய்?

— மாஷா அல்லாஹ், எவ்வளவோ தேவல. ஒரு வருசமா மாடிப்படியில தடதடன்னு ஏறி எறங்குதாளாம். எல்லாம் நான் துபாய்ல இருந்து அனுப்புன தைலம்.

— ஆமா மச்சான், நல்ல தைலம். பாட்டிலப் பிரிக்காமலே வேலை செய்யுது.

— பிரிக்கலையா?

— மணத்துலயே சரியாயிட்டுன்னாங்க.

— அதான் கம்பெனி சரக்குங்கறது! ஃபோர்க்குக்கும் அதேதான் சொல்லுதேன். அண்ணாச்சி, எழுதுங்க. ஸ்டால்பெர்க், ஸ்பிரிங்கு, தொண்ணூத்திரெண்டு. செவ்வாய்க்கிழமை எனக்கு ஃபிளைட்டு.

— மச்சான், கெஞ்சிக் கேக்கேன். பதினாலு வருசத்துல நான் உங்ககிட்ட எதாச்சும் கேட்டிருக்கேனா? இந்த ஒன்ன மட்டும் எனக்காக விட்டுக்கொடுங்க.

— வளையல் கேப்பா, ஐஃபோன் கேப்பான்னு பாத்தா, காத்தக் கேக்கா பாருங்க அண்ணாச்சி. எழுதுங்க, எழுதுங்க.

— எழுதிட்டா திருப்ப முடியாது தங்கச்சி. நான் எழுதவா?

— எழுதாதீங்க அண்ணாச்சி. மீட்டரு கோளாறு இல்ல. அந்த மூவாயிரத்து எண்ணூறும் மிதிச்சதுதான்.

— யாரு மிதிச்சது?

— நான் மச்சான்.

— நீயா? சைக்கிளா?

— விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டுக் கெளம்புவேன். கடற்கரை, அங்கன இருந்து தேரி. மொதல்ல பயந்து செத்தேன். ரெண்டு தடவை விழுந்து முழங்கை தோலு போச்சு, அடுப்புல சுட்டுக்கிட்டேன்னு உங்ககிட்ட போன்ல சொன்னேன். இப்ப அது இல்லாம எனக்குப் பொழுது விடிஞ்ச மாதிரியே இல்ல. தேரி மேட்டுல இருந்து எறங்கும்போது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. நீங்க வீடியோதான பாத்திருக்கிய.

— ஊருல ஒருத்தரு கண்ணுலயும் படலியா தங்கச்சி?

— அதுக்குத்தான எங்க ஊருல முடுக்கு விட்டுவச்சிருக்காங்க அண்ணாச்சி, பொம்பளைக நடக்கதுக்குன்னு வீட்டுக்குப் பின்னால சந்து. ஆம்பளைக அதுல தலையே காட்ட மாட்டாங்க, அவ்வளவு மரியாதை. அப்படியே உருட்டிக்கிட்டுப் போனா கடற்கரை வந்துரும். பர்தாவக் கொஞ்சம் தூக்கிக் கட்டணும், இல்லாட்டி செயின்ல மாட்டும்.

— யா அல்லாஹ்! நான் அங்க வெயில்ல வேகுதேன், இவ இங்க தேரியில ரேஸு விடுதா! உம்மா காதுல விழுந்தா என்னாகும், யோசிச்சியா? மருமவ சைக்கிள் மிதிக்கான்னு தெரிஞ்சா அந்த நிமிசமே உசிர விட்டுருவா ஏளா!

— பாய், பாய், உக்காருங்க, இந்தத் தண்ணியக் குடிங்க. தங்கச்சி, எனக்கு ஒரு சந்தேகம், தப்பா நெனைக்காதிய. உங்க எடை என்ன?

— அம்பத்தி நாலு.

— அப்பம் ஃபோர்க்குல நாப்பத்தெட்டுல்லா இருந்துச்சு?

— அது மின்ஹாவுக்கு அடிச்சது. இவரு வந்து எறங்குன அன்னைக்கு அவ முறை. திருப்பி ஏத்த நேரம் இல்லாமப் போச்சு.

— மின்ஹாவுமா!

— ஓடுன கிலோமீட்டர்ல பாதி அவ கணக்கு மச்சான். ரோட்டக் கடக்க நாலு பேரு வேணும்னியளே, அந்தப் புள்ளதான்.

— மாதாவே! சரி பாய், நடந்தது நடந்துட்டு, நான் ஒரு வழி சொல்லுதேன். இவங்களுக்கும் உங்க தங்கச்சிக்கும் ஆறு கிலோதான் வித்தியாசம். அம்பது கிலோ ஸ்பிரிங்கா சொல்லி வரவழைச்சிட்டா ரெண்டு பேருக்கும் ஆவும், உங்க ஸ்டால்பெர்க்கும் ஆச்சு. உம்மா காதுக்கும் போக வேண்டாம். என்ன தங்கச்சி, எழுதிரவா?

— ஆகாது அண்ணாச்சி, காத்துதான் வேணும். வெள்ளிக்கிழமைன்னா எழுபத்தோரு கிலோவுக்கு ஏத்தணும், அன்னைக்கு இவரு உம்மாவோட முறை.