ஸலாம் கொடுக்காத அஸர்

"படிச்சவ, படிச்சவன்னு பீத்திக்கினு திரியிறியே. ஒங்கம்மாவ ஒரே ஒரு தொழுகைய முடிக்க வையி, பாப்போம்."

என் தாய்மாமா சொன்னது. 1971 டிசம்பர். பாகிஸ்தானோடு சண்டை தொடங்கிய முதல் வாரம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்துக்கொண்டிருந்தார். வாயில் இரண்டு ஆணி. அவற்றைக் கடித்தபடியே சொன்னார். நான் சுத்தியலை எடுத்துக் கொடுத்தேன்.

அரை மணி கழித்துச் சைரன் ஊதுகிறது.

ஏறுகிறது. இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது. தாம்பரம் விமானத் தளத்துப் பக்கமிருந்து வருகிறது. அஸ்தினாபுரத்தில் எங்கள் தெரு முழுக்க ஓடும் சத்தம். நாய்கள். எங்கோ ஒரு வாளி உருள்கிறது. பக்கத்து வீட்டு கிரேஸ் டீச்சர் மதிலுக்கு மேலாகக் கத்துகிறார்.

"ஹாஜரா! உள்ள போ! கதவ சாத்து! அம்மாவ கட்டிலுக்கு அடியில தள்ளு!"

அம்மாவைத் தள்ள முடியாது. தொழுதுகொண்டிருக்கிறாள். அஸர். பிற்பகல் தொழுகை. அன்றைக்கு அது ஐந்தாம் முறை.

அஸரை ஒரு நாளைக்கு ஒரு முறைதான் தொழ வேண்டும். அம்மா ஏன் ஐந்து முறை தொழுதாள் என்று சொல்ல வேண்டுமானால், தொழுகை எப்படி என்பதை முதலில் சொல்ல வேண்டும். தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள்.

முகம், கை, கால் கழுவி ஒளுச் செய்ய வேண்டும். ஈரக் கையால் தலையைத் தடவ வேண்டும். முக்காடு போட வேண்டும். மேற்கே மக்காவைப் பார்த்து நிற்க வேண்டும். எந்த நேரத்துத் தொழுகை என்று மனதில் நினைக்க வேண்டும். கைகளை உயர்த்தி அல்லாஹு அக்பர் என்றால் தொழுகை தொடங்கிவிடும். அதன் பிறகு பேசக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. நெஞ்சில் கை கட்டி நின்று ஓத வேண்டும். குனிய வேண்டும். நிமிர வேண்டும். நெற்றியும் மூக்கும் தரையில் பட இரண்டு சஜ்தா. இது ஒரு ரக்அத். அஸருக்கு நான்கு ரக்அத். இரண்டாவதன் முடிவில் ஒரு சின்ன இருப்பு. நான்காவதன் முடிவில் கடைசி இருப்பு. பெண்கள் இரண்டு கால்களையும் வலப்புறம் தள்ளி உட்கார வேண்டும். ஓதிக்கொண்டே வருகையில் ஓர் இடத்தில் வலது ஆட்காட்டி விரல் உயரும். இறைவன் ஒருவனே என்பதற்கு அந்த ஒரு விரல்.

கடைசியில் ஸலாம். முகத்தை வலப்பக்கம் திருப்பி, அஸ்ஸலாமு அலைக்கும் வ ரஹ்மத்துல்லாஹ். பிறகு இடப்பக்கம் திருப்பி அதையே. மலக்குகள் என்னும் வானவர்களுக்கும் பக்கத்தில் இருந்து தொழுகிறவர்களுக்கும் சொல்லும் ஸலாம் அது. அதைச் சொன்னால்தான் தொழுகை முடியும்.

அம்மா அதைச் சொல்வதில்லை.

விரலை உயர்த்துவாள். முகம் திரும்பாது. கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள். பிறகு எழுந்து நின்று முதலிலிருந்து தொடங்குவாள். நான்கு ரக்அத். விரல். மறுபடி முதலிலிருந்து. ஐந்து வேளையும் இப்படி. முழங்கால் வீங்கிக் கிடக்கும். நான் இரவு தைலம் தேய்ப்பேன். விடியும் முன்பே பாய் விரித்திருப்பாள். மூன்றரை வருஷத்துக்கு மேலாக அவள் ஒரு தொழுகையையும் முடிக்கவில்லை.

தொடங்குவதிலும் ஒரு தவறு இருந்தது. பெண்கள் கைகளைத் தோள் வரை உயர்த்தினால் போதும். அம்மாவின் கைகள் காதுக்குப் போகும். போய்க் காதைப் பொத்தும். அந்தப் பழக்கம் அவளுக்குச் சைகோனில் வந்தது.

1968 மே மாதம். வியட்நாமின் சைகோனில் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, துணிக்கடை. கடைக்கு மேல் வீடு. தை மாதத்திலேயே ஒரு முறை ஊருக்குள் சண்டை வந்து போயிருந்தது. இது இரண்டாவது. தேதி எங்கள் யாருக்கும் நினைவில்லை. நேரம் நினைவிருக்கிறது. அஸர். அம்மா நடுவில். வலப்பக்கம் அக்கா கதீஜா, பதினாறு வயது. இடப்பக்கம் நான், பதினொன்று முடிந்திருந்தது. எப்போதும் அப்படித்தான் நிற்போம். வலப்பக்கம் ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே தெரு.

நான்காவது ரக்அத். கடைசி இருப்பு. அம்மாவின் விரல் உயர்ந்தது. தகரத்தை நீளமாகக் கிழிப்பது போல ஒரு சத்தம். ஒரே வெளிச்சம். பிறகு சத்தமே இல்லை. வாயில் சுண்ணாம்பு. அம்மா ஸலாம் கொடுக்க வலப்பக்கம் திரும்பினாள். அக்கா உட்கார்ந்தபடியே இருந்தாள். இரண்டு கால்களும் வலப்புறம். கை தொடை மேல். முக்காடு மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

"அஸ்ஸலா" என்று தொடங்கிய வாய் "கதீஜா" என்று முடித்தது.

கீழே கடையிலிருந்து அத்தா ஏறி வந்தார். பார்த்தார். "நகராதீங்க! வண்டி கொண்டாரேன்! நகராதீங்க!" கத்திக்கொண்டே இறங்கினார். அது நான் கேட்ட அவருடைய கடைசிக் குரல். வண்டி வரவில்லை. அவரும் வரவில்லை. அக்காவைப் பள்ளிவாசல்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். பள்ளிவாசல் முற்றத்தில் பத்து நாள் கிடந்தோம். நம் ஊர் வியாபாரிகள் சேர்ந்து கப்பலுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். மெட்ராஸ் துறைமுகத்தில் மாமா நின்றார். குரோம்பேட்டையில் தையல் கடை வைத்திருந்தார். அஸ்தினாபுரம் வீட்டுக்கு அழைத்து வந்தார். அம்மாவின் வலது காது அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கிரேஸ் டீச்சர்தான் என்னைப் பள்ளியில் சேர்த்தார். ஐந்தாம் வகுப்பு. எல்லோரையும் விட நான் ஒரு முழம் உயரம். எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அத்தா கணக்கு எழுதுவார், எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தார், அவ்வளவுதான். அம்மா கைநாட்டு. நான் முதல் வருஷமே தமிழில் முதலாவதாக வந்தேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

படித்ததை அம்மாவுக்காகத்தான் முதலில் பயன்படுத்தினேன். தொழுகை விளக்கப் புத்தகம் ஒன்று வாங்கி உரக்கப் படித்துக் காட்டினேன். அவளுடைய இடது காதருகே. உயிர் காக்கத் தொழுகையை முறிக்கலாம், குற்றமில்லை என்று அதில் இருந்தது.

"நான் முறிக்கலையே புள்ள. அதுவா நின்னுபோச்சு."

"சரிம்மா. இப்ப முடி. நானும் ஒன்கூட ஸலாம் சொல்றேன். இந்தா, இந்தப் பக்கம் நான் இருக்கேன்ல?"

"நீ எடது. எடது பொறவு. மொதல்ல வலது."

அவள் சொன்னது அவ்வளவுதான். நான் புரிந்துகொள்ளவில்லை. மேலும் உரக்கப் படித்தேன். படித்தவள் என்ற பெருமை எனக்கு. அதனால்தான் மாமா அன்றைக்கு அப்படிக் கேட்டார். அம்மாவின் முழங்காலைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் அலுத்துப்போயிருந்தது.

சைரன் இன்னும் ஊதுகிறது. சூரியன் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் இறங்குகிறது. அது மறைந்தால் அஸர் நேரம் போய்விடும். காவலுக்கு நிற்கும் ஆள் ஒருவன் சைக்கிளில் கத்திக்கொண்டு போகிறான்.

"வெளக்க ஏத்தாத! ஏ, யாரும் வெளக்க ஏத்தாத!"

அம்மா கடைசி இருப்பில். விரல் உயர்ந்திருக்கிறது. நான் அவளுக்கு இடப்பக்கம். என் தொழுகை எப்போதோ முடிந்துவிட்டது. சைரன் ஏறும்போதெல்லாம் விரல் ஆடுகிறது. இன்னும் ஒரு நொடியில் எழுந்துவிடுவாள். ஆறாம் முறை. இந்தச் சத்தத்தில் அவளுக்கு எந்தக் காதில் என்ன கேட்கிறது என்று தெரியவில்லை. எனக்குக் கேட்பது தெரியும். தகரம் கிழிகிற சத்தம்.

ஜன்னலைப் பார்த்தேன். வலப்பக்கம். மாமா அடித்த கறுப்புத் துணி. அதற்கும் அம்மாவுக்கும் நடுவில் வெறும் தரை. ஒரு பாய் விரிக்கிற அளவு தரை. மூன்றரை வருஷமாக அங்கே யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. வீடு பெருக்கும்போதுகூட அந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துவிடுவேன். அது அக்காவின் இடம்.

தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே போகக் கூடாது. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் தவழ்ந்து போனேன். வலப்பக்கம் உட்கார்ந்தேன். இரண்டு கால்களையும் வலப்புறம் தள்ளினேன். கையைத் தொடை மேல் வைத்தேன். முக்காட்டை இழுத்துவிட்டேன். பேசிப் பயனில்லை. அந்தக் காது கேட்காது. கண்ணில் படும்படி அசையாமல் இருந்தேன்.

விரல் இறங்கியது.

அம்மா எழவில்லை. அவள் முகம் மெல்லத் திரும்புகிறது. கண்ணை மூடிக்கொண்டு திரும்புகிறாள். திறக்கிறாள். என் முக்காட்டைப் பார்க்கிறாள். வெள்ளையாக இருக்கிறது. கீழே வரைக்கும் பார்க்கிறாள். வெள்ளையாகவே இருக்கிறது.

"அஸ்ஸலாமு அலைக்கும் வ ரஹ்மத்துல்லாஹ்."

பிறகு இடப்பக்கம் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை. என் பாய் மட்டும் கிடந்தது. அதற்கும் சொன்னாள்.

சைரன் கொஞ்ச நேரம் கழித்து ஒரே நீட்டாக ஊதியது. ஆபத்து இல்லை என்று அர்த்தம். தாம்பரத்தில் அந்தச் சண்டை முழுவதிலும் ஒரு குண்டும் விழவில்லை. அம்மா பாயிலேயே படுத்துத் தூங்கிவிட்டாள். மாமா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். வாயில் ஆணி இல்லை.

"சரி, ஒன்னு முடிச்சிட்டா. பாக்கி எவ்ளோ கீது தெரியுமா?"

கிண்டல்தான். குரல்தான் கிண்டலாக வரவில்லை.

பாக்கியை நான் கணக்கிட்டேன். முடிக்காமல் விட்ட தொழுகையைப் பிறகு தொழுது தீர்ப்பதற்குக் கழா என்று பெயர். மூன்று வருஷம் ஏழு மாதத்துக் கழா. ஒவ்வொரு வேளைத் தொழுகையோடும் ஒன்று கூடுதலாகத் தொழுதால் இன்னும் மூன்று வருஷம் ஏழு மாதம் ஆகும் என்றேன். "தொழுவோம்," என்றாள் அம்மா. ஒரே ஒரு நிபந்தனை. முதலில் விட்டதிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். அம்மா மாட்டேன் என்றாள். சைகோன் அஸரைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். அதுவரை பழகிக்கொள்கிறேன் என்றாள்.

எல்லாம் நேராகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுநாள் காலையிலேயே இரண்டு முறை எழுந்துவிட்டாள். பயிற்சி விமானம் தாழப் பறந்தால் இன்றைக்கும் கை காதுக்குப் போகும். நான் வலப்பக்கம் இருந்தால் முடிப்பாள். பகலில் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். மதியத் தொழுகையான லுஹர் நேரம் முடிவதற்குள் பையோடு ஓடி வருவேன். எனக்காகக் காத்திருப்பாள். களைப்பாக இருக்கும். அவளுக்கும் எனக்கும். ஒவ்வொரு நாளும் பழைய நோட்டில் ஐந்து கோடு போடுவேன். நோட்டுகள் நான்கு ஆயின.

இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். பரீட்சை முடிந்த கொஞ்ச நாளில் சைகோன் விழுந்தது என்று பேப்பரில் வந்தது. கிரேஸ் டீச்சர் கொண்டுவந்து காட்டினார். படத்தில் எங்கள் தெரு இருக்கிறதா என்று அம்மா தேடினாள். இல்லை. பேப்பரை மடித்துக் கொடுத்துவிட்டு ஒளுச் செய்யப் போனாள்.

நேற்றோடு நான்காம் நோட்டு முடிந்தது. மிச்சம் ஒரே ஒரு தொழுகை.

இழந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். மறக்கக் கூடாது.

அக்கா ஒருத்தி. கதீஜா. உயிரோடு இருந்தால் இருபத்து மூன்று. அத்தா. அவரை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மையத்தை, இறந்த உடலை, நாங்கள் பார்க்கவில்லை. அதனால் கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவை அம்மா இருக்கவில்லை. பள்ளி விண்ணப்பத்தில் தகப்பனார் என்ற இடத்தில் பெயரை மட்டும் எழுதினேன். ஒரு கடை. கடைக்கு மேல் ஒரு வீடு. ஒரு காது. அம்மாவின் முழங்கால் இரண்டு. முடியாமல் நின்ற அஸர் மூன்று. என்னுடையதைக் கப்பலிலேயே தொழுது முடித்தேன். அக்காவுடையது அப்படியே நிற்கிறது. இறந்தவருக்காக இன்னொருவர் தொழ முடியாது என்று புத்தகத்தில் இருக்கிறது. தேடித் தேடிப் பார்த்தேன். வேறு மாதிரி எங்கும் இல்லை.

அம்மாவுடையது இன்றைக்கு.

வெயில் ஜன்னலில் சாய்ந்திருக்கிறது. கறுப்புத் துணி எடுத்து வெகுநாள் ஆயிற்று. ஆணித் துளை மட்டும் இருக்கிறது. இன்றைய அஸரை முடித்துவிட்டாள். அன்றைய அஸருக்கு எழுந்து நிற்கிறாள். நான் பேனாவை மூடி வைக்கப் போகிறேன் என்று எழுதத்தான் இந்தக் கடைசி வரிகள். பாய் வலப்பக்கம் விரித்தாயிற்று.